சங்கிலி ஜெபம்

ஒன்பதாம் மாதச் சோதனைக்குப் போன இடத்தில் முத்துச்செல்வி சொன்ன பதிலைக் கேட்டு, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரசவத்துக்குக் கூட இருக்கப்போற பொம்பள ஆளு யாரும்மா?" என்றுதான் நர்ஸம்மா கேட்டார்.

"எங்க சபை இருக்கு சிஸ்டர்."

நர்ஸம்மா அவள் கையிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டையை உருவிக்கொண்டே நிமிர்ந்தார். "சபையா? எம்மா, அம்மாம் பேரும் வந்தா வார்டு தாங்காது. ஒரே ஒரு ஆள சொல்லு. அம்மாவா, மாமியாவா?"

"மாமியார் இல்ல. அம்மா ஊர்ல, சங்கரன்கோயில் பக்கம்."

"இட்டாந்துரு. பிரஷரு ஏறிகினே கீது. காலப் பாரு, எப்டி வீங்கி கீதுன்னு. வலி வர்ற வரைக்கும் உன்ன வூட்ல வச்சிருக்க முடியாது. செவ்வாக்கெழம காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரில சேந்துடணும். வார்டுக்குள்ள ஆம்பளைய வுட மாட்டாங்க. சுடுதண்ணி எடுக்க, கஞ்சி வாங்க, கொழந்தய வாங்கிக்க ஒரு பொம்பள வேணும். தனியா மட்டும் போயி நிக்காத, சொல்லிட்டேன்."

முத்துச்செல்வி தலையாட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்கு அந்த நிமிஷம் வரைக்கும் துளிச் சந்தேகம் கிடையாது. வந்த வினை எல்லாம் அந்தச் சந்தேகம் இல்லாததால் வந்ததுதான்.

சபை என்று அவள் சொன்னது, ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டை போகிற சாலையில், லாரிப் பட்டறைக்குப் பின்னால் நிற்கிற தகரக் கொட்டகையை. முன்னால் சிமெண்டு மூட்டை அடுக்கி வைத்த இடம். இன்றைக்கும் மழை பெய்தால் ஒரு ஓரத்தில் சிமெண்டு வாசம் வரும். 'புதிய வாசல் ஜெப வீடு' என்று பச்சை எழுத்தில் பலகை. உள்ளே வருகிறவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள். காருக்குக் கண்ணாடி மாட்டுகிறவர்கள், வயருக்கு டேப் சுற்றுகிறவர்கள், கேண்டீனில் தட்டு கழுவுகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் தெற்கத்தி ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஓ.டி. என்று ஓவர்டைம் போட்டுவிட்டார்கள் என்றால் காலை ஆராதனை சாயங்காலத்துக்கு நகர்ந்துவிடும். பாஸ்டர் தாவீது முன்பு கம்பெனி பஸ் ஓட்டியவர். அதனாலோ என்னவோ, பிரசங்கத்தின் நடுவிலும் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில்தான் முத்துச்செல்வி இங்கே வந்து சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றபடி வயர்க்கட்டுக்கு டேப் சுற்றுகிற வேலை. கட்டைவிரல் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, ஊருக்கே போய்விடுகிறேன் என்று அழுதுகொண்டு கிடந்தவளுக்கு, பக்கத்துக் கட்டில்காரி ஷெர்லின்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குளச்சல் பக்கத்துப் பெண். நெற்றியில் கைவைத்து ஜெபித்து, மறு ஞாயிறு கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டும் போனாள். "இனி இதுதான் பிள்ளே ஒனக்க குடும்பம்" என்றாள்.

இந்த வார்த்தையைச் சபையில் யார்தான் சொல்வதில்லை. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நம்பினார்கள். முத்துச்செல்வி ஏழு நாளைக்கும் நம்பினாள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தூக்குவாளியில் ரசத்தோடு போய் நிற்பாள். யார் ரூம் மாற்றினாலும் வாளியும் பாயும் இவள் தலையில் வரும். அப்படிச் செய்கிறவளுக்கு எதிர்பார்ப்பு இருக்கத்தானே செய்யும். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஏழாம் மாதத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். அம்மா முப்பிடாதி, வளைகாப்புக்கென்று கண்ணாடி வளையல், புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு எல்லாம் கட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகள் சோற்றை வாங்கிக்கொண்டாள், வளையலுக்குக் கை நீட்டவில்லை. நகை நட்டு போடாத சபை அது. பாஸ்டர் கண்ணாடி வளையலைப் பற்றி ஒன்றும் சொன்னவரில்லை. இவளாகத்தான், தங்கம் கூடாதென்றால் கண்ணாடியும் கூடாது என்று ஒரு படி மேலே போய்விட்டாள்.

"எங்க சபையில இதெல்லாம் கெடையாதும்மா. எனக்கு எல்லாத்தையும் அவங்க பாத்துக்கிடுவாங்க."

"அப்ப பிள்ளப்பேறயும் அவங்களே பாத்துக்கிடட்டும்" என்று முப்பிடாதி வளையல் பெட்டியை மறுபடி துணியில் சுற்றினாள். வந்த அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் முத்துச்செல்வி முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பங்குனி வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. விசிறி சுற்றினாலும் அனல்தான் வந்தது.

"ஸ்தோத்திரம். செவ்வாக்கிழம என்னைய ஆஸ்பத்திரில சேரச் சொல்லிட்டாங்க. பிரஷர் கூடுதலா இருக்கு. கூட இருக்கதுக்கு ஆள் இல்ல. அதுக்காகத்தான்..."

அவள் முடிப்பதற்குள் பாஸ்டர் கண்ணை மூடிவிட்டார். "கர்த்தர் நம்ம சகோதரிக்குத் துணையா இருப்பார். சபையும் துணை நிக்கணும். செவ்வாய்க்கிழமையிலேருந்து பிரசவம் ஆகுற வரைக்கும் சங்கிலி ஜெபம் வைப்போம். யார் யாரு எந்த மணி நேரம் எடுத்துக்கிறீங்க?"

சங்கிலி ஜெபம் என்றால், ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் இருக்கிற இடத்தில் முழங்காலில் நிற்க வேண்டும். முடித்ததும் அடுத்தவருக்கு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். இரவும் பகலும் ஜெபம் அறுந்துபோகாமல் ஓடும். அன்றைக்குக் கை தூக்காத ஆள் கொட்டகையில் இல்லை. நைட் ஷிப்டில் இருக்கும் தங்கமாரி, டீ பிரேக்கில் பாத்ரூம் பக்கம் போய் நின்று ஜெபிப்பதாகச் சொன்னாள். கேண்டீனில் வேலை பார்க்கும் தாயாரம்மாள், "எனக்கு விடிகால குடு பாஸ்டர். கொழாயில தண்ணி வர்ற நேரம், எப்டியும் முயிச்சிகினுதான் இருப்பேன்" என்றாள்.

முத்துச்செல்வி நின்றபடியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் "அல்லேலூயா" என்றார்கள்.

வெளியே டீ குடிக்கும்போது அவள் புருஷன் சக்திகுமார் மெதுவாக அருகில் வந்தான். லாரி உதிரிபாகம் அடிக்கிற பிரஸ்ஸில் காண்ட்ராக்ட் ஆள். கல்யாணத்துக்காகச் சபைக்கு வந்தவன், கடைசி வரிசையில் விசிறிக்கு நேராக உட்கார்ந்து ஆமென் சொல்வதோடு சரி.

"நீ ஆள் கேட்ட. அவங்க மணியைக் குடுத்துட்டாங்க. லீவு கேட்டவனுக்கு ஓ.டி. போட்ட மாதிரில்லா இருக்கு" என்றான்.

"கேலி பண்ணாதீங்க."

"நான் எதுக்கு கேலி பண்ணுதேன். உள்ள விட மாட்டான், இல்லன்னா நானே சேலையக் கட்டிக்கிட்டு வந்துருவேன். உங்கம்மைக்குப் போன் போடு, புள்ள. வீராப்புல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்."

அன்று மதியம் வீட்டுக்குள் அவளால் உட்கார முடியவில்லை. லைன் வீடு, ஒரு அறையும் அடுப்படியும். சுவருக்குச் சுவர் நடந்தாள். வீங்கிய காலுக்குச் செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு வாசலுக்குப் போனாள், தரை சுட்டது, திரும்பி வந்தாள். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். கடைசியில் போட்டேவிட்டாள்.

அந்தப் பக்கம் குழாய் ரேடியோவில் அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"என்னட்டி?" என்றாள் முப்பிடாதி. கோபமா இல்லையா என்று குரலில் தெரியவில்லை.

"செவ்வாக்கிழம ஆஸ்பத்திரில சேரச் சொல்லுதாங்கம்மா. கூட ஆள் வேணுமாம். நீ வாரியா?"

"அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டியாச்சேட்டி. நான் முளப்பாரி எடுக்கேன். இப்ப ஊர் எல்லையத் தாண்டக் கூடாது. பிள்ளை பெறுத எடத்துக்கும் வரக் கூடாது."

"இந்த வருசம் எடுக்காம இருந்தா என்ன?"

"யாருக்காவ எடுக்கேன்னு நெனச்ச? ஒனக்காவத்தான். தாய் வேற பிள்ள வேறயா நல்லபடியாப் பிரியணும்னு நேந்துக்கிட்டேன். வளையலத்தான் வேண்டாம்னுட்ட. நேந்தத என்ன செய்வ?"

முத்துச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இங்கே ஒரு கொட்டகை ஜனம் அவளுக்காக முழங்காலில் நிற்கப் போகிறது. அங்கே பெற்றவள் அவளுக்காக முளைப்பாரி வளர்த்துக்கொண்டு இருட்டறையில் தண்ணீர் தெளிக்கிறாள். உலகத்தில் அவளுக்காக வேண்டிக்கொள்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. வந்து நிற்கத்தான் ஒருத்தரும் இல்லை.

"கொட முடிஞ்சு மஞ்சத்தண்ணி ஊத்துனதும் பஸ் ஏறிருதேன். அதுவரைக்கும் ஒங்க சபைக்காரங்க பாத்துக்கிட மாட்டாங்களாட்டி?" முப்பிடாதி குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"பாத்துக்கிடுவாங்கம்மா" என்று போனை வைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து ஷெர்லின் ரூமுக்குப் போனாள். ஷெர்லின் அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பில் பாலை வைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒனக்கு எதுக்கு பிள்ளே இந்தக் காலோட அலைச்சலு? போன் பண்ணுனா நான் வர மாட்டனா?"

"வரச் சொல்லத்தான் வந்தேன். நாளையில இருந்து என் கூட ஆஸ்பத்திரில இரு."

ஷெர்லின் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்க லைன்ல இந்த மாசம் லீவே கெடையாது. ஆடிட்டுக்காரன் வந்து நிக்கான். எனக்க கான்ட்ராக்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் கெடக்கு. இப்ப லீவு போட்டா புதுசாக்க மாட்டான். ஊர்ல அப்பா கடலுக்குப் போறத நிறுத்தியாச்சு. ஒனக்குத் தெரியாததா?"

"எனக்கு எல்லாம் தெரியும். நீதான சொன்ன, சபைதான் குடும்பம்னு. அத நம்பித்தான் எங்கம்மைய அழ வச்சு அனுப்புனேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஷெர்லின் அணைக்கவில்லை, முத்துச்செல்விதான் எழுந்து அணைத்தாள்.

"சொன்னேன், இல்லேங்கல. நீ அன்னைக்கு அழுத அழுகைக்கு வேற என்னத்தச் சொல்ல? நான் அப்ப வீட்ட விட்டு வந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்து. ஒனக்குத் தைரியம் சொல்லிச்சொல்லி நானும் தைரியமானேன். எனக்கும் சேத்துத்தான் பிள்ளே அத நான் சொன்னது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வியாழக்கெழம எனக்கு ஷிப்டு மாறும். அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வந்திருவேன். சத்தியமா வருவேன்."

முத்துச்செல்வி பாலை ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினாள். கோபம் அடங்கவில்லை. ஆனாலும் அந்த வியாழக்கிழமையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பாஸ்டரின் ஸ்கூட்டர். பின்னால் உட்கார்ந்து வந்த தாயாரம்மாள் ஏற்கெனவே உள்ளே போய், ஆஸ்பத்திரிப் பையைக் குடைந்துகொண்டிருந்தாள். பழைய துணி போதாது என்று சக்திகுமாரின் லுங்கி ஒன்றை உருவிக் கிழித்துப் போட்டிருந்தாள். அவனைக் கேட்கவில்லை. சபையில் முத்துச்செல்விக்குப் பிடிக்காத ஆள் என்று ஒருத்தி உண்டென்றால் இவள்தான். ஜெபத்துக்கு நடுவே ஊர்க்கதை பேசுவாள்.

"ஜெபிச்சிட்டுப் போகலாம்னு வந்தோம் சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"ஜெபம் இருக்கட்டும் பாஸ்டர். ஒண்ணு கேக்கணும்." நின்றுகொண்டே கேட்டாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். "எனக்காக ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்க எல்லாரும் கை தூக்குனாங்க. அந்த ஒரு மணி நேரத்த ஆஸ்பத்திரில வந்து நின்னா ஆண்டவர் கேக்க மாட்டாரா? கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஜெபிக்கட்டும். ஜெபிக்காமக்கூட இருக்கட்டும். ஒரு வாளி சுடுதண்ணி எடுத்துத் தந்தாப் போதும்."

சக்திகுமார் வாசலைப் பார்த்தபடி நின்றான். பாஸ்டர் பைபிளை மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் உண்மையச் சொல்லிடறேன் சிஸ்டர். ஜெபம் பண்ணுங்கன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. அதனால நானும் அதோட நிறுத்திக்குவேன். வாங்கன்னு கேட்டு, அவங்க வரலைன்னு வச்சுக்கோங்க. அடுத்த ஞாயிறு அவங்க மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது, என் மூஞ்சிய அவங்க எப்படிப் பாக்கறது? இந்தக் கொட்டகையில பாதிப் பேரு அடுத்த வருஷம் எந்தக் கம்பெனியில, எந்த ஊர்ல இருப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. அவங்க கிட்ட நான் ரொம்பக் கேட்டதில்ல."

"கேட்டுத்தான் பாரேன் பாஸ்டர்" என்றாள் தாயாரம்மாள், கிழித்த துணியை மடித்துக்கொண்டே. "வர்றவ வருவா. வராதவ அவ வூட்ல கெடந்து ஜெபிக்கட்டும். இதுல இன்னா கீது?" பிறகு முத்துச்செல்வி பக்கம் திரும்பினாள். "ஆமா, ரெண்டு கண்ணாடி வளையலுக்கா உங்கம்மாவத் தொரத்தின? நான் ஞானஸ்நானம் வாங்கி எத்தினி வருசம் ஆவுது, இந்த மூக்குத்திய இன்னும் எவனும் கழட்டல, பாரு."

முத்துச்செல்விக்கு அவளை அறையலாம் போல இருந்தது. ஆனால் பாஸ்டர் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். வார்த்தைக்கு வார்த்தை மன்னிப்பும் சேர்ந்து வந்தது. இப்படியாகச் சங்கிலி ஜெபம் காஞ்சிபுரத்துக்கு இடம் மாறியது.

செவ்வாய்க்கிழமைக் காலை வந்தது தாயாரம்மாளே. வார்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர் எங்கே, கஞ்சி எங்கே, எந்த ஆயாம்மாவை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. விசிறிக்குக் கீழே கட்டில் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் முத்துச்செல்வியின் காதல் கல்யாணம் முதல் கால் வீக்கம் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன கட்டிலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு.

"வாய்க்கு ருசியா துன்னு. நாளைலேருந்து பத்தியம் இரு."

அதையும் அவளே தின்றுவிட்டு, மதியம் கேண்டீன் ஷிப்டுக்கு ஓடினாள். ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை.

சாயங்காலம் வந்த இரண்டு பெண்கள் அதற்கும் சேர்த்து ஜெபித்தார்கள். சத்தம் கேட்டு நர்ஸ் வந்து, இது என்ன கூட்டம் என்று விரட்டினாள். போகும்போது ஆப்பிளைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கட்டிலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுடுதண்ணீர் வாளி காலியாகவே இருந்தது. புதன்கிழமைக் காலை தங்கமாரி நைட் ஷிப்டு முடித்து நேராக வந்தாள். சட்டையில் கிரீஸ் வாசம். "அக்கா, நீங்க படுங்க, நான் இருக்கேன்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். முத்துச்செல்வி மெல்ல இறங்கி, அவள் தலைக்குத் துணியை மடித்து வைத்தாள். பிறகு தன் கஞ்சியைத் தானே போய் வாங்கி வந்தாள். மதியம் வர வேண்டியவள் வரவில்லை, போனும் அணைந்திருந்தது.

பக்கத்துக் கட்டில் அம்மா உத்திரமேரூர்க்காரி. நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் சும்மா இருக்க முடியாமல் கேட்டாள். "இவங்கள்லாம் உனக்கு இன்னா உறவும்மா? ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொருத்தி வர்றா."

"தெரிஞ்சவங்க" என்று முத்துச்செல்வி சொல்லிவைத்தாள். எந்த வார்த்தைக்காக அம்மாவை அனுப்பினாளோ, அந்த வார்த்தை இப்போது வாய்க்கு வரவில்லையே என்று அன்று முழுக்க அதையே நினைத்துக் கிடந்தாள். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு முட்டியது. வலது பக்கம் திரும்பினால் கதவு தெரிந்தது. கதவைப் பார்த்தால் யாராவது வருகிறார்களா என்று மனசு எழுந்து உட்கார்ந்துகொண்டது. நன்றாகத் தூங்கும்மா, தூங்கினால்தான் பிரஷர் இறங்கும் என்று நர்ஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் வலி கண்டது. உள்ளே கூட்டிப்போகும்போது, "கூட யாரும்மா?" என்று கேட்டார்கள். "எங்கக்கா வந்துக்கிட்டே இருக்கா. ஷெர்லின்னு பேரு" என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் சக்திகுமாரும் பாஸ்டரும் நின்றிருந்தார்கள். இரண்டு ஆம்பளைகளால் ஆகக்கூடியது அந்த மரத்தைச் சுற்றி நடப்பது மட்டுமே. நடந்தார்கள்.

வலி என்றால் அப்படி ஒரு வலி. இடையிடையே விடுபடும்போதெல்லாம் அவள் காது கதவுக்குப் போனது. சாயங்கால வெயில் ஜன்னலில் சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. நர்ஸ் குழந்தையைத் துடைத்துச் சுற்றிக் கதவைத் திறந்து, "முத்துச்செல்வி அட்டெண்டர்" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். உள்ளே படுத்திருந்தவளுக்கு அந்த இரண்டாவது கூப்பாடு கேட்டது. வலியைக்கூட அவள் மறந்துவிட்டாள், அதை மறக்கவில்லை.

கடைசியில் எழுந்து வந்து கை நீட்டி வாங்கியது உத்திரமேரூர் அம்மா.

அன்றிரவு எதிர்வார்டில் வேலை முடித்த ஆயாம்மா ஒருத்தியும் அந்த அம்மாவுமாக ஒப்பேற்றினார்கள். பொழுது விடிந்ததும் தாயாரம்மாள் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, "மூக்கு அப்பன் மாரி கீது, பொண்ணுக்குப் போயி இந்த மூக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். உத்திரமேரூர்க்காரர்களை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முத்துச்செல்விக்குப் பிரஷர் இறங்கவில்லை. அவளை அனுப்பவில்லை. பிள்ளை மடியை விட்டு இறங்கினால் அழுதது, மடியில் போட்டால் அவளால் கண் மூட முடியவில்லை. தலை விண் விண் என்று தெறித்தது. அந்தத் தெறிப்போடேயே அவள் ஷெர்லினுக்குச் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தாள். இனிமேல் என் முகத்தில் முழிக்காதே. உன் சபையும் வேண்டாம், உன் ஜெபமும் வேண்டாம். அம்மா வந்ததும் அவளோடு ஊருக்குப் போகிறேன். திரும்பி வந்தாலும் அந்தக் கொட்டகை இருக்கிற சாலையில் நடக்கமாட்டேன். சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் அது நல்ல கோர்வையாகவே வந்துவிட்டது.

ஷெர்லின் வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் ஒரு பிளாஸ்க். கட்டிலுக்கு வரவில்லை, வார்டுக் கதவிலேயே நின்றாள்.

முத்துச்செல்வி பார்த்தாள். ஷெர்லினாகவே இரண்டு எட்டு வைத்து அருகில் வந்தாள்.

"லைன் நின்னுபோச்சு பிள்ளே. ஆடிட்டுக்காரன் நிக்கும்போதே நின்னுபோச்சு. ஒருத்தியையும் வெளிய விடல. போன் லாக்கர்ல கெடக்கு. சூப்பர்வைசர் காலப் பிடிக்காத கொறயாக் கேட்டேன். எனக்கு..." திட்டு வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன் என்பது போல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நின்றபடியே பஸ்ஸில் வந்திருப்பாள் போலும், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

இவள்தான், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவள். இவள்தான் நேற்று வராமலும் போனவள். இரண்டும் இவள்தான். முத்துச்செல்வி தயார் செய்து வைத்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பிள்ளை சிணுங்கியது. கை இரண்டும் கனத்துப்போயிருந்தன.

"உனக்கு எப்ப பஸ்?" என்று கேட்டாள்.

ஷெர்லின் நிமிர்ந்தாள். "ஷிப்டுக்குப் போக பொன்னேரிக்கரைக்குக் கம்பெனி பஸ் வரும். இங்கேருந்து அஞ்சுக்கு எறங்கணும்."

"அஞ்சு வரைக்கும் இருப்பியா?"

"இருப்பேன். சத்தியமா..."

"சத்தியம்லாம் பண்ணாத. பிடி, எனக்குக் கை வலிக்கி."

ஷெர்லின் பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினாள். தலைக்கு எப்படிக் கை கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. முத்துச்செல்விதான் அவள் முழங்கையை மடக்கிச் சரிசெய்தாள்.

"அஞ்சு மணிக்கு என்னைய எழுப்பி விட்டுட்டுப் போ" என்றாள். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள். ஷெர்லின் தன் ஊர்ப்பேச்சில் பிள்ளையிடம் எதையோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஜெபமா தாலாட்டா என்று தெரிவதற்குள் முத்துச்செல்வி தூங்கிவிட்டாள்.